போர் வரலாற்றுப் புத்தகம் எழுதுவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் வரலாற்றை ஆர்வத்துக்காகத் தேடித் தேடிப் படிக்கும் ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்கென்றே புத்தகம் தயாரிப்பது என் வேலை. கைப்பிரதி படிப்பது, திருத்துவது, வரைபடம் வரைபவரோடு மல்லுக்கட்டுவது, அச்சகத்துக்குக் கோப்பு அனுப்புவது என எல்லாம் இதில் அடக்கம். எழுத வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் ராணுவத்தில் இருந்ததில்லை, வரலாற்றில் பட்டமும் இல்லை. எழுதலாமா?

தாராளமாக. இந்தத் துறையின் நல்ல திருத்தங்கள் சில ஆர்வலர்களிடமிருந்துதான் வந்திருக்கின்றன. 1945 பிப்ரவரி 23 அன்று இவோ ஜிமா தீவின் சுரிபாச்சி மலையில் அமெரிக்க வீரர்கள் ஆறு பேர் கொடி நடும் படத்தைப் பார்க்காதவர் குறைவு. ஜோ ரோசந்தால் எடுத்தது. அந்த ஆறு பேர் யார் என்று அமெரிக்க மரைன் படையே அறிவித்து, அதை நம்பிச் சிலையும் எழுப்பியாயிற்று. ஆனால் அந்தப் பட்டியலில் 1947-லேயே ஒரு பெயர் மாறியது. 2016-ல் இன்னொன்று, 2019-ல் மற்றொன்று. கடைசி இரண்டு மாற்றங்களுக்கும் காரணம் வீட்டில் உட்கார்ந்து படங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆர்வலர்கள். அதே நாளில் அதே மலையில் எடுத்த மற்றப் படங்களையும் பக்கத்தில் வைத்து, கால்சட்டையின் அடி மடிப்பு, இடைவாரில் தொங்கும் சாமான், தலைக்கவசத்துக்கு அடியில் எட்டிப் பார்க்கும் தொப்பி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எழுபது ஆண்டுகளாக நின்ற பெயர் விழுந்தது.

உங்கள் வாசகர் அந்த மாதிரி ஆள். சீருடைப் பொத்தானையும் டாங்கியின் ஆணியையும் எண்ணுகிறவர் என்று இவர்களைக் கேலி செய்வது உண்டு. நானும் செய்திருக்கிறேன். ஆனால் உங்கள் புத்தகத்தில் ஏதாவது ஓர் இடத்தைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்த ஒருவர் நிச்சயம் அதைப் படிப்பார். ஒவ்வொரு வரியிலும் அவர் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: “இது உனக்கு எங்கிருந்து தெரியும்?” பதில் கையில் இருந்தால் பட்டம் தேவையில்லை.

இரண்டாம் உலகப்போரை முழுக்க எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

அந்த ஆசையை ஓரமாக வைப்பதில் தொடங்குங்கள். முழுப் போரை எழுதினால் மற்றவர்கள் எழுதியதைச் சுருக்கி எழுதத்தான் முடியும். ஒரு பட்டாலியன் (சில நூறு முதல் ஆயிரம் பேர் வரை கொண்ட படை), ஒரு பாலம், ஒரு வாரம் என்று எடுத்தால் நீங்களே ஆவணத்தைத் தொட்டு எழுதலாம். நான் வைத்திருக்கும் சோதனை இது: ஒரு வெள்ளைத்தாளில், நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு நாளும் அந்தப் படையின் ஒவ்வொரு கம்பெனியும் (பட்டாலியனின் உட்பிரிவு) எங்கே இருந்தது என்று உங்களால் குறிக்க முடியுமா? முடிந்தால் எழுதலாம்.

தலைப்பு விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மனியின் டைகர்-1 டாங்கி மொத்தமே 1,350 அளவில்தான் செய்யப்பட்டது. அமெரிக்காவின் ஷெர்மன் 49,000 அளவில். சோவியத்தின் டி-34 போர்க்காலத்தில் மட்டும் 50,000-க்கு மேல். ஆனால் அலமாரியைப் பார்த்தால் போரையே டைகர்தான் நடத்தியது போலத் தோன்றும். விற்கிறது என்பதால் எல்லாரும் அதையே எழுதுகிறார்கள், எல்லாரும் எழுதியதால் புதிதாகச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. பாலம் கட்டியவர்கள், ரொட்டி சுட்டவர்கள், தொலைபேசிக் கம்பி இழுத்தவர்கள், கோவேறு கழுதைகளை மலையேற்றியவர்கள் பக்கம் போனால் காலியிடம் நிறைய. அந்தப் புத்தகங்கள் மெதுவாகத்தான் விற்கும், ஆனால் நின்று விற்கும்.

ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகம், அமெரிக்காவில் காலேஜ் பார்க் நகரில் உள்ள தேசிய ஆவணக்காப்பகம், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் ராணுவ ஆவணக்காப்பகம் ஆகிய மூன்றும் இருபதாம் நூற்றாண்டுப் போர்களுக்குப் பெரிய கிணறுகள். முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் போர் நாட்குறிப்புகள் கியூவில் டபிள்யூஓ 95 என்ற தொகுப்பில் இருக்கின்றன. பெரும்பகுதி கணினியிலேயே பார்க்கலாம்.

ஆனால் தேடுவதற்கு முன்பு எது எரிந்துபோனது என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லாததைத் தேடி ஆறு மாதம் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். 1940 செப்டம்பரில் லண்டன்மேல் விழுந்த குண்டில், முதல் உலகப்போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிக் கோப்புகளில் ஏறக்குறைய 60 சதவீதம் போயிற்று. மிஞ்சியதை இன்றும் ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே அழைக்கிறார்கள். ஓரம் கருகிய தாள்களின் படத்தைத் திரையில் பார்க்கலாம். 1945 ஏப்ரலில் பாட்ஸ்டாம்மேல் நடந்த குண்டுவீச்சில் ஜெர்மன் மாநிலமான பிரஷ்யாவின் படை ஆவணங்களில் பெரும்பங்கு அழிந்தது. இன்னொரு ஜெர்மன் மாநிலமான பவேரியாவின் படை ஆவணங்கள் மியூனிக்கில் இருந்ததால் தப்பின. அதனால்தான் முதல் உலகப்போரின் ஜெர்மன் தரப்பை எழுதுகிறவர்கள் பவேரிய ரெஜிமென்ட்டுகளையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தீப்பற்றி 1.6 முதல் 1.8 கோடி வரையிலான ராணுவப் பணிக் கோப்புகள் எரிந்தன. ஜப்பான் சரணடைந்த 1945 ஆகஸ்டில் அவர்களே கோப்புகளைக் குவித்துக் கொளுத்தினார்கள்.

தனி மனிதரின் கோப்பு எரிந்திருந்தால் அவருடைய பட்டாலியனின் நாட்குறிப்பைப் பிடியுங்கள். ஆள் இருக்க மாட்டார், ஆனால் அவர் நனைந்த மழை இருக்கும்.

போர் நாட்குறிப்பில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

அன்றன்று எழுதிய ஆவணம் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். ஆனால் யார், எப்போது எழுதினார் என்று யோசியுங்கள். பிரிட்டிஷ் படையில் இதற்கென்றே சி.2118 என்ற எண்ணில் ஒரு படிவம். இடம், தேதி, நேரம், நடந்தது, குறிப்பு என்று பத்திகள். பட்டாலியனின் அட்ஜுடன்ட்டோ (நிர்வாக வேலைகளைப் பார்க்கும் அதிகாரி) ஓர் இளைய அதிகாரியோ பென்சிலால் நிரப்புவார். அமைதியான நாளில் அரைப்பக்கம் எழுதியவர், பாதி அதிகாரிகள் செத்த நாளில் இரண்டே வரி எழுதியிருப்பார். சில நேரம் எழுத வேண்டியவரே செத்திருப்பார். பல நாள் கழித்து, புதிதாக வந்தவர் கேள்விப்பட்டதை வைத்து நிரப்பியிருப்பார். கையெழுத்து மாறும் இடத்தைக் கவனியுங்கள்.

நேரம் என்ற பத்தியிலும் ஒரு குழி இருக்கிறது. முதல் உலகப்போரில், 1916 ஜூலை 1 அன்று பிரான்ஸின் சோம் ஆற்றுப் பகுதியில் நடந்த தாக்குதல் பிரிட்டிஷ் கடிகாரத்தில் காலை 7.30-க்குத் தொடங்கியது. எதிர்ப்பக்க ஜெர்மன் கடிகாரத்தில் அப்போது மணி 8.30. இதைக் கவனிக்காத ஒரு கைப்பிரதியில், பிரிட்டிஷார் கிளம்பி ஒரு மணிநேரம் கழித்துத்தான் ஜெர்மானியர் விழித்துக்கொண்டது போல ஓர் அத்தியாயமே இருந்தது. “தூங்கிவழிந்த எதிரி” என்று துணைத்தலைப்பு வேறு. அப்படியே எடுத்துவிட்டோம்.

எதிரித் தரப்பின் ஆவணமும் வேண்டுமா? மொழி தெரியாதே!

வேண்டும். மொழி தெரிந்த ஒருவரைப் பிடித்தாவது பாருங்கள். எதிரியின் இழப்புக்கு எதிரியின் கணக்குதான் முதல் ஆதாரம்.

1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. ஜெர்மன் கணக்கில் பார்த்தால் உண்மையில் விழுந்தது 60 அளவில். யாரும் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது. ஒரே விமானத்தை மூன்று பேர் வேறுவேறு கோணத்தில் சுட்டார்கள், அது புகைந்து விழுவதை மூவரும் பார்த்தார்கள், மூவரும் தரையிறங்கி ஆளுக்கொன்று எழுதினார்கள்.

1943 ஜூலை 12 அன்று ரஷ்யாவின் புரோகொரொவ்காவில் நடந்த டாங்கிச் சண்டை இதைவிடச் சிக்கல். நானூறு அளவில் ஜெர்மன் டாங்கிகள் நொறுங்கியதாகப் பல ஆண்டுகள் சோவியத் நூல்கள் சொல்லி வந்தன. ஜெர்மன் ஆவணத்தில் அன்று முற்றாக இழந்தவை மிகச் சொற்பம். சோவியத் தரப்பு இழந்ததோ 200-க்கும் மேல். ஆனால் ‘முற்றாக இழந்தது’ என்ற அந்தச் சொல்லையும் உரசிப் பார்க்க வேண்டும். அடிபட்டு, இழுத்துக்கொண்டுபோய்ப் பட்டறையில் நிறுத்திய டாங்கி ஜெர்மன் கணக்கில் இழப்பாக வராது. அது திரும்பக் களத்துக்கு வந்ததா என்பது வேறு கதை. இரண்டு தரப்பு எண்களை அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போடும் முன், இரண்டும் ஒரே பொருளைத்தான் எண்ணுகின்றனவா என்று பாருங்கள்.

பசிபிக் கடலில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய மிட்வே கடற்போர் இன்னொன்று. 1942 ஜூன் 4 காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் மேல்தளத்தில் தாக்குதல் விமானங்கள் வரிசையாகக் கிளம்பத் தயாராக நின்றன, இன்னும் ஐந்தே நிமிடம் கிடைத்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று ஜப்பானிய விமானி மிட்சுவோ ஃபுச்சிடா போருக்குப் பின் எழுதினார். அவர் அன்று அந்தக் கப்பல்களில் ஒன்றில் இருந்தவர். ஆங்கிலத்தில் அரை நூற்றாண்டு இதையே எல்லாரும் திருப்பி எழுதினார்கள். ஆனால் ஜப்பானியக் கப்பல்களின் விமானப் பதிவுகளில், அந்த நேரம் காவல் விமானங்கள் மேல்தளத்தில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது தெளிவாக இருக்கிறது. தளம் நிறைய விமானம் நின்றிருந்தால் இன்னொன்று எப்படி இறங்கும்? தாக்குதல் விமானங்களில் பெரும்பாலானவை கீழ்த்தளக் கொட்டகையில்தான் இருந்தன. ஜப்பானின் 102 தொகுதி அதிகாரபூர்வ வரலாற்றில் மிட்வே தொகுதி 1971-லேயே வந்துவிட்டது. ஜப்பானிய மொழி என்பதால் வெளியே கண்டுகொள்ள ஆளில்லை.

அப்படியென்றால் நேரில் இருந்தவர் சொல்வதற்கு மதிப்பில்லையா?

மதிப்பு உண்டு, ஆனால் அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிய வேண்டும். வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் கதையை இதற்குச் சொல்வேன். 1830-களில் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர்க்களத்தின் சிற்றுரு மாதிரி ஒன்றைச் செய்ய நினைத்தார். மாதங்கணக்கில் அங்கேயே தங்கி நிலத்தை அளந்தார். உயிரோடு இருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டார்: 1815 ஜூன் 18 மாலை 7 மணி அளவில் உங்கள் படை எங்கே நின்றது, எதிரே யார், வயலில் என்ன பயிர்? எழுநூறு அளவில் பதில்கள் வந்தன. இந்த முறையை இன்றும் மெச்சுகிறோம். ஆனால் அவர்கள் நினைவுகூர்ந்தது இருபது ஆண்டுக்கு முந்தைய ஒரு மாலையை, அதுவும் புகைக்குள்ளிருந்து. நெப்போலியனின் காவற்படையைத் துரத்தியது எங்கள் ரெஜிமென்ட்தான் என்று பல ரெஜிமென்ட்டுகள் எழுதின. மாதிரி 1838-ல் லண்டனில் காட்சிக்கு வந்தது. வெற்றியில் பிரஷ்யப் படைக்கு அதிகப் பங்கு கொடுத்துவிட்டார் என்று பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பக்கத்தில் முணுமுணுப்பு. சைபோர்ன் பிற்பாடு பிரஷ்ய உருவங்கள் பலவற்றை எடுத்தே விட்டார். கைக்காசும் போயிற்று.

வெலிங்டனே ஒரு கடிதத்தில் சொன்னது: போரின் வரலாறு நடன விருந்தின் வரலாறு மாதிரி. சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் அவரவருக்கு நினைவிருக்கும், எது முதலில், எது பின்னால் என்பது யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் அதுதான் முக்கியம்.

ஆகவே முதியவர் ஒருவரிடம் உட்காரும்போது தேதியையும் நேரத்தையும் அவரிடம் கேட்காதீர்கள், அதை நாட்குறிப்பு சொல்லும். ஷூ எப்படி இருந்தது, தண்ணீர் எப்படி வந்தது, ராத்திரி யார் பக்கத்தில் படுத்தார் என்று கேளுங்கள். நாட்குறிப்பு ஒருநாளும் சொல்லாதது அதுதான். பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் பேச்சு தானாக வரும். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். அந்த இடத்துக்கு இரண்டாம் முறை போகாதீர்கள்.

தளபதிகளின் நினைவுக் குறிப்புகள்?

படியுங்கள், ஆனால் தனக்காகத் தானே வாதாடும் வக்கீலின் வாதமாக நினைத்துப் படியுங்கள். இரண்டாம் உலகப்போரில் 1942 வரை ஜெர்மன் தரைப்படையின் தலைமைப் பணியகத் தலைவராக இருந்தவர் ஃப்ரான்ஸ் ஹால்டர். போருக்குப் பின் அவருடைய மேற்பார்வையில், நூற்றுக்கணக்கான முன்னாள் ஜெர்மன் அதிகாரிகள் அமெரிக்க ராணுவத்தின் வரலாற்றுப் பிரிவுக்காக எழுதித் தள்ளினார்கள். தவறெல்லாம் ஹிட்லருடையது, படை சுத்தமானது என்ற கதை அங்கிருந்துதான் நன்றாக வேர்பிடித்தது. 1961-ல் ஹால்டருக்கு அமெரிக்கா விருதே கொடுத்தது.

தமிழில் எழுதும்போது சொற்களுக்கு என்ன செய்வது?

என் நேரத்தில் பாதி இதிலேயே போகிறது.

முதல் தலைவலி, ‘கேஷுவல்டி’ என்ற சொல். 1916 ஜூலை 1-ல் பிரிட்டிஷ் படைக்கு 57,470 கேஷுவல்டி. “ஒரே நாளில் 57,470 பேர் பலி” என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். இறந்தவர்கள் 19,240. மற்றவர்கள் காயமடைந்தோர், காணாமல் போனோர், பிடிபட்டோர். நாங்கள் ‘இழப்பு’ என்று போட்டு, முதல் முறை வரும் இடத்தில் அது எதையெல்லாம் சேர்த்தது என்று ஒரு வரி விளக்கம் கொடுக்கிறோம்.

அடுத்தது ‘படைப்பிரிவு’. பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனும் படைப்பிரிவு, பதினைந்தாயிரம் பேர் கொண்ட டிவிஷனும் படைப்பிரிவு என்றால் வாசகர் என்ன செய்வார்? செக்‌ஷன், பிளட்டூன், கம்பெனி, பட்டாலியன், பிரிகேட், டிவிஷன் என்று அப்படியே எழுதுங்கள். முன்பக்கத்தில் ஒரு சிறு அட்டவணை கொடுத்தால் போதும். இந்தத் துறை வாசகர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. டாங்கியை ‘பீரங்கி’ என்று எழுதினால்தான் சுளிப்பார்கள். பீரங்கி தனி, டாங்கி தனி. பீரங்கியைத் ‘துப்பாக்கி’ ஆக்கினால் 11 கிலோ குண்டைத் தோளில் வைத்துச் சுட்டதாகிவிடும்.

இப்போது இயந்திர மொழிபெயர்ப்பை ஒட்டிக் கைப்பிரதி அனுப்புவதும் தொடங்கியிருக்கிறது. “பி நிறுவனம் விடியற்காலையில் குன்றைத் தாக்கியது” என்று ஒரு வரி. கம்பெனிதான் நிறுவனம் ஆகியிருக்கிறது! அடுத்த பக்கத்தில் ஒரு சாதாரணச் சிப்பாய் ‘தனியார்’ ஆகியிருந்தார். சிரித்து முடித்துத் திருப்பி அனுப்பினேன்.

பழங்காலப் போர்களின் எண்களை எப்படிச் சோதிப்பது?

காலால் நடந்து பாருங்கள், அதாவது கணக்கில். பாரசீகப் பேரரசன் செர்க்சிஸோடு கிரேக்கத்துக்கு வந்தவர்கள் 52,83,220 பேர் என்கிறார் ஹெரோடோட்டஸ். அந்தக் கடைசி 220-ஐப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும். ஜெர்மன் வரலாற்றாசிரியர் ஹான்ஸ் டெல்ப்ரூக் இப்படிப்பட்ட கூட்டம் சாலையில் எவ்வளவு நீளம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டார். அணிவகுப்பின் தலை கிரேக்கத்தின் தெர்மாப்பிலேயில் இருக்கும்போது வால் பாரசீகத்தின் சூசா நகரத்திலிருந்து அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருக்கும். சாலை, தண்ணீர், தீவனம் ஆகிய மூன்றையும் வைத்துக் கேட்டால் பல புராணங்கள் கலைந்துவிடும்.

உரையாடல் சேர்த்துச் சுவையாக எழுதலாமா?

யாராவது பதிவு செய்த உரையாடல் என்றால் சேர்க்கலாம். நீங்களாக எழுதினால் அது நாவல். நாவல் நல்ல விஷயம்தான், வேறு பதிப்பாளரிடம் போகும்.

வரைபடம் எத்தனை வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு. இந்தப் புத்தகங்களைப் பற்றி வரும் புகார்களில் முதல் இடம் எப்போதும் வரைபடத்துக்குத்தான். வாசகர் ஒரு விரலை வரைபடப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிக்கிறார். ஊர் பெயர் வந்தால் புரட்டுகிறார். வரைபடத்தில் அந்த ஊர் இல்லையென்றால் உங்களைத் திட்டுகிறார், நியாயமாகவே.

எங்கள் வழக்கம்: கைப்பிரதியை அச்செடுத்து, வரும் ஒவ்வோர் இடப்பெயரையும் பென்சிலால் சுழிப்பது. பிறகு வரைபடத்தில் அந்தப் பெயர் இருந்தால் சுழியை அடிப்பது. அடிபடாமல் மிஞ்சும் சுழிகள்தான் வரைபடக்காரருக்கு அடுத்த வேலை. அளவுகோலும் வடக்குக் குறியும் கட்டாயம். சமவெளிப் போர் என்றாலும் உயரக்கோடு வேண்டும். வெறும் பத்து மீட்டர் மேடுதான் பல நேரம் மொத்தச் சண்டைக்கும் காரணம்.

அளவையும் யோசியுங்கள். முதல் உலகப்போரின் பதுங்குகுழி வரைபடங்கள் 1:10,000, 1:20,000, 1:40,000 என்ற அளவுகளில் இருந்தன. முதலாவதில் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் 100 மீட்டர், கடைசியில் 400 மீட்டர். ஒரு கம்பெனியின் கதைக்கு முதலாவது வேண்டும், டிவிஷனின் கதைக்குக் கடைசி. இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் அம்புக்குறி போட்டு அனுப்பாதீர்கள். அன்று இல்லாத ஏரியும் சாலையும் அதில் இருக்கும், அன்று இருந்த தோப்பு இருக்காது.

நாங்கள் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை பெரிய வரைபடம் ஒன்றை எதிரெதிர் இரண்டு பக்கங்களில் விரித்துப் போட்டோம். திரையில் அழகாக இருந்தது. புத்தகம் தைத்து வந்தபோது, ஐந்து நாள் சண்டை நடந்த குன்று சரியாக நடுமடிப்புக்குள் போய் மறைந்துவிட்டது. புத்தகத்தின் முதுகெலும்பை உடைத்தால்தான் தெரியும். அன்றிலிருந்து நடுவில் ஒரு சென்டிமீட்டர் வெற்றிடம் விடாமல் எந்த வரைபடமும் போவதில்லை.

படங்களை இணையத்திலிருந்து எடுத்துப் போடலாமா?

கண்ணில் பட்டதையெல்லாம் போட முடியாது. அமெரிக்க அரசு ஊழியர் பணியின் பகுதியாக எடுத்த படங்களுக்கு அந்த நாட்டில் பதிப்புரிமை கிடையாது, அதனால்தான் எல்லாப் புத்தகத்திலும் அவையே வருகின்றன. ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகம் 2008-ல் ஒரு லட்சம் அளவிலான படங்களை விக்கிமீடியா காமன்ஸுக்குக் கொடுத்தது. பெயர் குறிப்பிட்டு, உரிம நிபந்தனைக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம். குடும்ப ஆல்பம் என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கடிதம் என்றால் கவனம்: தாள் பெற்றவருடையது, வாசகத்தின் உரிமை எழுதியவருடையது, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுடையது.

உரிமை சரியானாலும் படம் சொல்வதைச் சந்தேகப்படுங்கள். பெர்லினில் ரைக்ஸ்டாக் நாடாளுமன்றக் கட்டடத்தின்மேல் செங்கொடி பறக்கும் படத்தைச் சோவியத் படக்காரர் யெவ்கேனி ஹல்தேய் 1945 மே 2 அன்று எடுத்தார். கொடி ஏற்றுபவரைத் தாங்கிப் பிடிக்கும் வீரரின் இரண்டு கைகளிலும் கடிகாரம். ஒன்று யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி வருமே! அதனால் ஒரு கடிகாரத்தைச் சுரண்டி எடுத்தார்கள். பின்னணிப் புகையும் பிறகு சேர்த்ததுதான். வண்ணம் பூசிய பழைய படங்களை நாங்கள் போடுவதில்லை. சீருடையின் பச்சை எந்தப் பச்சை என்பதற்காகவே இங்கே வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறவர்கள் உண்டு, கணினி ஊகித்த பச்சையை அவர்கள் முன் வைக்க எனக்குத் தைரியமில்லை.

அச்சுக்கு: போடப்போகும் அளவிலேயே அங்குலத்துக்கு 300 புள்ளி. பழைய புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்தால் அச்சுப் புள்ளிகள் மோதி வலைபோல் கோடு விழும். மூலப் படத்தைத் தேடுங்கள்.

எத்தனை பிரதி அடிப்பது?

தெரிந்த வாசகர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து, அதற்குக் கொஞ்சம் மேலே. ஆஃப்செட்டில் முதல் பிரதிக்குத்தான் செலவு, எண்ணிக்கை கூடக்கூடப் பிரதிக்கு ஆகும் செலவு இறங்கும். அந்த ஆசையில்தான் பலர் அறை நிறையப் புத்தகத்தை அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் பிரதிக்குச் செலவு கூடுதல், ஆனால் கிடங்கு வேண்டாம், பிழையை உடனே திருத்தலாம். குறுகிய வாசகர் வட்டத்துக்கு இதுவே சரி. வழவழப்பான தாளில் நிறையப் படம் வேண்டுமென்றால் மட்டும் ஆஃப்செட் பக்கம் போங்கள். ஆஃப்செட்டில் பக்கங்கள் பெரும்பாலும் 16-ன் மடங்காக வரும். 242 பக்கம் எழுதினால் 256 ஆகிவிடும், மிச்சம் வெள்ளைத்தாள். அந்தப் பதினான்கு பக்கத்தில் இன்னும் இரண்டு வரைபடம் வைக்கலாமே!

சொல்லடைவு அவசியமா?

அவசியம். இந்தப் புத்தகங்களைத் தொடர்ச்சியாகப் படிப்பவரைவிடத் தேடிப் படிப்பவர் அதிகம். ஆட்பெயருக்கு ஒன்று, படைகளுக்குத் தனியாக ஒன்று. தாத்தாவின் ரெஜிமென்ட்டைத் தேடி வருகிறவர் முதலில் திருப்புவது கடைசிப் பக்கத்தைத்தான்.

போரைக் கொண்டாடும் வேலை இல்லையா இது?

அந்தப் பக்கம் சாய்ந்த கைப்பிரதிகளும் வருகின்றன. ஒரு படையின் ஆயுதம், பதக்கம், வண்ணச் சின்னம் எல்லாம் முந்நூறு பக்கம் எழுதிவிட்டு, அதே படை ஒரு கிராமத்தைக் கொளுத்திய நாளைத் தாண்டிக் குதித்துப் போவது. நாட்குறிப்பில் அந்தத் தேதி இருக்கும், எழுத்தாளர் முந்தைய நாளிலிருந்து அடுத்த நாளுக்குப் போயிருப்பார். நான் கேட்பது அந்தத் தேதியை மட்டும்தான். சேர்க்க மறுத்தால் புத்தகம் இல்லை. இதில் இரண்டாம் பேச்சு கிடையாது.

புத்தகம் வந்த பிறகு பிழை தெரிந்தால்?

தெரியத்தான் செய்யும். ஒருமுறை படம் ஒன்றை வடிவமைப்புக்காக இடவலமாகத் திருப்பிவிட்டோம். ஆள் பக்கத்தின் உட்பக்கம் பார்த்தால் அழகு என்ற நினைப்பு. மூன்று வாரத்தில் ஒரு வாசகரிடமிருந்து கடிதம்: படத்தில் இருக்கும் மவுசர் துப்பாக்கியின் போல்ட் கைப்பிடி இடப்பக்கம் இருக்கிறதே, இந்தப் படைக்கு மட்டும் இடக்கை மவுசர் எந்தத் தொழிற்சாலை செய்தது? கிண்டல் சரியாகவே உறைத்தது. ஒப்புக்கொண்டு, திருத்தத்தாள் அச்சிட்டு, மிச்சமிருந்த பிரதிகளில் செருகினோம். அடுத்த பதிப்பில் படம் நேராக வந்தது. அந்த வாசகர் இப்போது எங்கள் கைப்பிரதிகளை அச்சுக்கு முன்பே படித்துக் கொடுக்கிறார்.

கைப்பிரதியை எப்படி அனுப்புவது?

முழுதாக எழுதி முடிக்க வேண்டாம். ஓர் அத்தியாயம், அடிக்குறிப்புகளோடு. மொத்தப் புத்தகத்தின் அத்தியாயப் பட்டியல் ஒன்று. படங்களை எழுத்துக் கோப்புக்குள் ஒட்டாமல் தனிக் கோப்புகளாக, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு அனுப்புங்கள். வரைபடத்துக்குக் கையால் கிறுக்கிய படமே போதும், ஆனால் வடக்கு எந்தப் பக்கம் என்று குறித்துவிடுங்கள். சென்ற முறை வந்த ஒன்றில் அது இல்லாமல், ஆறு தெற்கே ஓடுகிறதா வடக்கே ஓடுகிறதா என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.